சுக்கான் என்னிடம், பாய் அவனிடம்

கோதண்டபாணி என் அக்கா கமலத்தின் புருஷன். எனக்கு மாமா முறை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் வீடு. ஒன்பது வருஷமாக அவன் என் வீட்டுப் படி ஏறியதில்லை, நான் அவன் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. ஆனாலும் அவனைப் பற்றி யாராவது எழுத வேண்டுமென்றால் ஆம்பூரில் என்னைவிட்டால் ஆள் கிடையாது. ஏழு வருஷம் ஒரே படகில் அவனோடு கிடந்திருக்கிறேன். கட்டிய பெண்டாட்டியோடுகூட நான் அவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

நான் நாலாவது வரைதான் படித்தேன். வார்த்தையைப் பொறுக்கிப் போட்டு எழுத வராது. அவனுக்கு அது தேவையும் இல்லை.

பாலாற்றில் மணலைத் தவிர வேறு ஒன்றையும் பார்க்காத ஆம்பூர்க்காரனுக்குப் படகு எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாம் சுண்ணாம்பால் வந்தது. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்போம். ஜியாவுல்லா சாயபுவுக்கு ஒரு ஷாப்பு, அதன் பின்னால் ஒரு சுண்ணாம்புக் காளவாய். பச்சைத் தோலில் மயிர் கழல வேண்டுமென்றால் அது சுண்ணாம்புக் குழியில் ஊற வேண்டும். கல் சுண்ணாம்பைவிடக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் தோலுக்கு நல்லது என்பது சாயபுவின் கட்சி. கிளிஞ்சல் பழவேற்காட்டு ஏரியில் கிடைக்கிறது. இடையில் இருந்த வியாபாரி பாதிக் கிளிஞ்சலும் பாதிச் சேறுமாக அனுப்பிக்கொண்டிருந்தான். எழுபத்திரண்டில் சாயபுவுக்குப் பொறுமை போய், அங்கேயே ஒரு பாய்மரப் படகை வாங்கிவிட்டார். ஏரி நடுவில் தோண்டும் கிளிஞ்சலைப் படகு கரைக்குக் கொண்டுவரும், கரையிலிருந்து லாரி.

அந்த ஊர் ஆட்களை அவர் நம்பவில்லை. தன் ஷாப்பிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார். ஒருவனை அனுப்பினால் திருடுவான், இரண்டு பேரை அனுப்பினால் சேர்ந்து திருடுவார்கள், ஆகாத இரண்டு பேரை அனுப்பினால் ஒருவனை ஒருவன் காவல் காப்பான். அதனால்தான் மாமன் மச்சானாகப் பார்த்து எடுத்தார். சாயபுவுக்கு மனுஷரைத் தெரியும்.

ஏரிக்குப் போன ஒரு மாதத்துக்குள் கோதண்டபாணி காற்றைப் பார்த்துப் பாய் கட்டக் கற்றுக்கொண்டான். நான் ஒரு வருஷம் வாந்தி எடுத்தேன். அதை அவன் ஏரிக்கரை முழுக்கச் சொல்லிவைத்தான். மீன்காரப் பெண்கள்கூட என்னைப் பார்த்து, இன்று சாப்பிட்டது நிற்கிறதா என்று கேட்பார்கள். அந்த வருஷமே ஒருநாள் பாய் திரும்பிய வேகத்தில் நான் தண்ணீரில் விழுந்தேன். மார்பளவு ஆழம்தான், ஆனால் சேறு காலைப் பிடித்துக்கொண்டது. படகைத் தள்ளும் மூங்கில் கழியும் என்னோடு விழுந்திருந்தது. கோதண்டபாணி முதலில் கழியை எடுத்தான். அப்புறம்தான் என்னை எடுத்தான். கரைக்கு வந்ததும் கேட்டேன்.

"கழி மெதந்து பூடும். நீ எங்க போவ?" என்றான்.

இதை நான் மறந்ததில்லை. மறக்கப் போவதும் இல்லை.

ஐப்பசி மழை பிடித்தால் ஏரியில் படகு நிற்காது. புரட்டாசிக் கடைசியில் கரையேற்றி, தை பிறந்ததும் இறக்குவோம். நடுவில் மூன்று மாதம் ஊரில். முதல் வருஷமே சாயபு ஒரு சட்டம் போட்டார். படகைக் கரையேற்றியதும் பாய் கோதண்டபாணி வீட்டுக்குப் போக வேண்டும், சுக்கான் என் வீட்டுக்கு வர வேண்டும். பாய் இல்லாமல் படகு நகராது, சுக்கான் இல்லாமல் திரும்பாது. எவனும் தனியாகப் போய்ப் படகை இறக்கி விற்றுவிட முடியாது.

பாய் அவனிடம் போனதற்கு வேறு காரணமும் உண்டு. பருத்திப் பாய் தண்ணீரில் நனைந்து காய்ந்து ஒரு வருஷத்தில் இற்றுப் போகும். எங்கள் பாய் மட்டும் இற்றுப் போகவில்லை. கோதண்டபாணி அதை வருஷா வருஷம் ஷாப்புக்குக் கொண்டுபோய், தோல் ஊறும் ஆவாரம்பட்டைக் குழியிலேயே பத்து நாள் ஊறப்போடுவான். அலசாமல், பிழியாமல், பட்டைச் சாறு உள்ளேயே இருக்கும்படி நிழலில் உலர்த்துவான். பாய் செங்காவி நிறத்துக்கு வந்துவிடும். ஏரியில் எங்கே நின்றாலும் அது ஆம்பூர்ப் பாய் என்று தெரியும். காற்று எதிரே அடித்தால் செருப்புக் கடை வாசனை வருகிறது என்று சிரிப்பார்கள். அவனுக்கு அதில் பெருமை. தோலுக்குப் பதம் போடுவதுபோல் துணிக்கும் போட்டவன் தான் ஒருவன்தான் என்று திரிவான்.

அவன் கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. பதினெட்டு வயதில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவன். சுண்ணாம்பு ஆளைத் தின்னும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கை வெளுத்து, ஊறின அப்பளம் போல ஆகிவிடும். மிளகாய் பட்டால் உயிர் போகும் என்று அக்கா சோற்றைப் பிசைந்து அவன் வாயில் ஊட்டுவாள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட. அவன் கொஞ்சமும் கூசாமல் ஆ என்று திறப்பான். எங்கள் ஜனமெல்லாம் பார்க்கும். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருக்கும்.

ஏரிக்குப் போன மூன்றாவது மாதம் கை ஆறிவிட்டது. மீன் குழம்பைத் தானே பிசைந்து தின்றான். ஆனால் ஐப்பசியில் ஊருக்கு வந்தால் சாயபு சும்மா சம்பளம் கொடுக்கமாட்டார். எனக்குத் தோல் உலர்த்தும் கொட்டகையில் வேலை, அவனுக்குப் பழைய குழி. தை வருவதற்குள் கை வெடித்திருக்கும், மாசி பங்குனியில் ஏரியில் மறுபடி மூடும். படகு இருந்தால் அவனுக்கு ஒன்பது மாதம் கை. இல்லாவிட்டால் பன்னிரண்டு மாதமும் புண். அவன் கதை இவ்வளவுதான்.

என் கதை வேறு. ஏழு வருஷமாகியும் என் வயிறு அந்த ஏரியை ஒப்புக்கொள்ளவில்லை. என் பெண்டாட்டி சுந்தரி, வருஷத்தில் மூன்று மாதம் புருஷன் வைத்திருக்கிறவள் நான் ஒருத்திதான் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுபத்தொன்பது ஆவணியில் சாயபு காரில் பழவேற்காட்டுக்கு வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு படகைச் சுற்றி வந்தார். கல் சுண்ணாம்பு இப்போது கம்மி விலைக்குக் கிடைக்கிறது என்றார். ஷாப்பில் மெஷின் வருகிறது, கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன் வேண்டும், படகை நிறுத்தினால் அந்த வேலை முனிரத்தினத்துக்கு என்று என்னைக் காட்டினார். கோதண்டபாணிக்கு என்ன என்று நான்தான் கேட்டேன். அவனுக்குத்தான் குழி இருக்கிறதே என்றார்.

"ரெண்டு பேரும் போறோம்னு சொன்னா தையில படகு எறங்கட்டும். ஒருத்தன் வேணாம்னாலும் வித்துடுவேன். ஊருக்கு வந்து சொல்லுங்க" என்று காரில் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து கோதண்டபாணி என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

புரட்டாசிக் கடைசி வாரம் படகைக் கரையேற்றினோம். கிளிஞ்சல் எல்லாம் இறக்கி, பாயை அவிழ்த்து, பாய்மரத்தைச் சாய்த்துக் கழற்றினோம். பனந்தண்டுகளை வரிசையாகப் போட்டு, அந்த ஊர் ஆட்கள் எட்டுப் பேரும் நாங்களும் இழுத்தோம். மேட்டில் கல் அடை கொடுத்து நிறுத்தியதும் அவர்கள் போய்விட்டார்கள். மற்ற படகுக்காரர்கள் மேலே ஓலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவன் போகமாட்டான். அடிப்பலகை ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பான். இணைப்பில் பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்து, குங்கிலியம் காய்ச்சி, புதுப் பஞ்சைத் தோய்த்து உளியால் திணிப்பான். அதன்மேல் மீன் எண்ணெய். மூன்று நாள் வேலை. நான் கேட்டேன், விற்கிற மாட்டுக்கு எவனாவது லாடம் அடிப்பானா என்று.

"வித்தா வாங்கறவன் பாப்பான். விக்கலன்னா நான் பாப்பேன். நீ சட்டியப் புடி" என்றான்.

படகின் அடியில் ஒரு துளை உண்டு. கரையில் இருக்கும்போது அதன் அடைப்பைப் பிடுங்கிவிட்டால் மழைத் தண்ணீர் தேங்காது. பூவரசங் கட்டையில் செதுக்கிய அடைப்பு, கட்டைவிரல் அளவு. மற்றவர்கள் அதைப் படகிலேயே ஒரு மூலையில் போட்டுவைப்பார்கள். இவன் அதைக் கழுவித் துடைத்து அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வான். சாயபு போட்ட சட்டத்தில் அது இல்லை. சுக்கான் என்னிடம் இருக்கிறதே என்று தனக்கு ஒரு பூட்டு அதிகமாகப் போட்டுக்கொண்டான்.

விடிந்ததும் லாரி புறப்பட்டது. கடைசி லோடு கிளிஞ்சல். அதன்மேல் நாங்கள். டிரைவர் பக்கத்தில் இடம் இருந்தது, ஆனால் எங்கள்மேல் அடித்த மீன் எண்ணெய் நாற்றத்துக்கு அவன் சேர்க்கவில்லை. பாய் சுருட்டினால் மெத்தை. அதில் சாய்ந்துகொண்டு கோதண்டபாணி வருவான். சுக்கான் என்றால் ஆள் உயரப் பலகை, அதில் இரும்புப் பட்டை. நான் அதைப் பிடித்துக்கொண்டு கிளிஞ்சல் குத்தக் குத்த வருவேன். ஏழு வருஷமும் இப்படித்தான். ஒருமுறையாவது கொஞ்சம் இப்படி வந்து சாயடா என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பொன்னேரி, செங்குன்றம், பூவிருந்தவல்லி. ஸ்ரீபெரும்புதூரில் லாரி நின்றது. ஓட்டலுக்குள் விடவில்லை, வெளியே புளியமரத்தடியில் இலை போட்டார்கள். கோதண்டபாணி ஊறுகாயை இரண்டு தரம் கேட்டு வாங்கினான். காரக் குழம்பை விரல் இடுக்கெல்லாம் படும்படி பிசைந்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் துண்டில் துடைத்துக்கொண்டான்.

சாயபுவிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டான். சாயபுவிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். எனக்குச் சொல் என்றான். உனக்கு எதற்கு என்றேன்.

ஆற்காட்டில் டிரைவர் டயருக்குக் காற்று பிடிக்க நிறுத்தினான். கோதண்டபாணி இறங்கிப் போய் மக்கன் பேடா வாங்கிவந்தான். வருஷா வருஷம் அக்காவுக்கு ஒரு பொட்டலம் வாங்குவான். அன்று இரண்டு பொட்டலம். ஒன்றை என் மடியில் வைத்தான். நான் அதை எடுத்துப் போய் டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். டிரைவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தான்.

வேலூர் தாண்டித் தூறல் பிடித்தது. தார்ப்பாய் ஒன்றுதான். அவன் அதைப் பாயின்மேல் போர்த்தினான். மிச்சம் இருந்த ஓரத்தில் தன் தலையை நுழைத்துக்கொண்டான். நான் நனைந்தேன். பள்ளிகொண்டா வந்தபோது தார்ப்பாய்க்குள்ளிருந்தே பேசினான்.

"நீ வர வேணாம்டா. ஊர்லயே இரு. சுக்கான மட்டும் குடு. நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

"ரெண்டு பேருன்னா ரெண்டு பேரு மாமா. சட்டம் உனக்கு மட்டும் வேறயா?"

"உனக்கு நான் இன்னாடா பண்ணேன்?"

"மொதல்ல கழிய எடுத்த."

அவன் வெகுநேரம் யோசித்தான். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று நானும் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவன் தலையை வெளியே நீட்டி, "கழி மெதந்து பூடும்டா" என்றான்.

அவ்வளவுதான் அவன். தன் கையே போகிறது என்றாலும் செய்தது தப்பு என்று வாயில் வராது.

மாதனூர் தாண்டியதும் ஷாப்பு நாற்றம் வந்தது. வெளியூர்க்காரன் மூக்கைப் பிடிப்பான். நான் நன்றாக இழுத்து விட்டேன், ஊர் வந்துவிட்டது என்று. கோதண்டபாணி இரண்டு கையையும் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஷாப்புக்குப் போனான். நானும் போனேன். பட்டைக் குழிகள் இருந்த இடத்தில் சமமாக மண் போட்டு மூடியிருந்தது. அதன்மேல் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு மரப் பீப்பாய், லாரி அளவு இருக்கும். அதை டிரம் என்றார்கள். கரண்டில் சுற்றியது. இனிமேல் பட்டை கிடையாது, எல்லாம் குரோம் உப்பு என்றார்கள். பட்டையில் மாதக்கணக்கில் ஆகிற வேலையை இது ஓரிரு நாளில் முடித்துவிடும். டிரம் ஓட்டுகிறவன் மூர்த்தி, என்னுடைய தோஸ்த். அவன் நீல நிறத்தில் ஒரு தோல் வாரை எடுத்துக் கோதண்டபாணியிடம் கொடுத்து, அறுத்துப் பார் என்றான். இவன் ஒருமுனை, இரண்டு ஆட்கள் மறுமுனை. அறுபடவில்லை.

நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மூளை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தது. பட்டை தோலைக் கெட்டிப்படுத்தியது, துணியையும் கெட்டிப்படுத்தியது. இது தோலை இன்னும் கெட்டிப்படுத்துகிறது என்றால் துணியை எப்படி ஆக்கும்? வேறு தொழில்காரனாக இருந்தால் அவனுக்கு இப்படித் தோன்றியிருக்காது. பதம் தெரிந்தவன் என்ற திமிரில் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை டிரம்மில் மிச்சத் தண்ணீர் இருந்தது. மூர்த்தியைக் கெஞ்சிப் பாயை உள்ளே போட்டு நாலு மணி நேரம் சுற்றவிட்டான். வெளியே எடுத்தபோது அந்தச் செங்காவிப் பாய் நீலமும் பச்சையும் சேர்ந்த ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வழக்கம்போல அலசாமல், பிழியாமல், அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுக்குப் பின்னால் நிழலில் உலர்த்தினான்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் மூர்த்தி என்னைப் பார்த்தான். தன் லுங்கியை விரித்துக் காட்டினான். தொடைப் பக்கம் முழுக்கச் சல்லடை போல் ஓட்டை.

"அந்தத் தண்ணில ஆசிட் கீது. துணில பட்டு அப்டியே காஞ்சா ரெண்டு மாசத்துல பொடியாப் பூடும். உங்க மாமன் நான் சொல்றதுக்குள்ள தூக்கினு போய்ட்டாரு. நல்ல தண்ணில அலசிட்டு, சலவை சோடா கரைச்சு ஒரு முக்கு முக்கச் சொல்லு. மறக்காம சொல்லிடு."

சரி என்றேன். டீயைக் குடித்தேன். அடுத்த தெருவுக்கு நடந்து போக ஐந்து நிமிஷம்கூட ஆகாது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அக்கா உட்கார்ந்திருந்தாள். மாமா அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றாள். அவன் அனுப்பமாட்டான் என்று எனக்கும் தெரியும். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் என்றாள். வருஷம் முழுக்கக் குழியில் இருந்தால் விரலே மடங்காமல் போய்விடும் என்று ஷாப்பு டாக்டர் சொன்னாராம். சுந்தரி அடுப்படியில் நின்று பாத்திரத்தை உருட்டினாள். எனக்கு வாட்ச்மேன் வேலை என்று அவள் அதற்குள் பாதித் தெருவுக்குச் சொல்லியிருந்தாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அப்போது சொல்லியிருக்கலாம், போய்ப் பாயை அலசச் சொல் என்று. அதற்குப் பதிலாக வேறு ஒன்று சொன்னேன்.

"அழாத. நான் போறேன்னு சொல்லிடறேன்."

இதில் கெட்ட எண்ணம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் தலை சுற்றும். நான் மாட்டேன் என்றால் அக்கா புருஷனைக் குழியில் தள்ளியவன் நான். நான் சரி என்று சொல்லி, பாய் தானாகக் கிழிந்தால், தள்ளியது அவன் மண்டைக்கனம். மறுநாள் சாயபுவிடம் போகிறேன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். சாயங்காலம் அக்கா ஒரு தூக்கு நிறையக் கறிக்குழம்பு அனுப்பினாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த மூன்று மாதமும் கோதண்டபாணி குழியில் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தான். கை வெடித்தது, அக்கா ஊட்டினாள். தை வரட்டும் என்று போகிறவன் வருகிறவனிடம் எல்லாம் சொன்னான். என்னைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நன்றி சொல்ல வேண்டிவருமே என்று பயம். பொங்கலன்று பாயைப் பிரித்துச் சூடம் காட்டினானாம். கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, குரோம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றானாம்.

தை பத்தாம் தேதி படகை இறக்கினோம். அரைஞாணிலிருந்து கட்டையை அவிழ்த்துத் துளையில் அடித்தான். நான் சுக்கானை மாட்டினேன். இரண்டு நாள் கழித்து, முழு லோடு கிளிஞ்சலோடு ஏரி நடுவில் வந்துகொண்டிருந்தோம். வாடைக் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. துணி கிழிந்தால் ஒரு சத்தம் வரும், இதற்கு அந்தச் சத்தம்கூட வரவில்லை. அப்பளத்தை உடைத்ததுபோல் நடுவில் விட்டுப்போயிற்று. பிறகு காற்று மிச்சத்தைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு போனது. அந்த நிறத்தில் துண்டுகள் தண்ணீர்மேல் நெடுந்தூரம் மிதந்தன.

படகு குறுக்கே திரும்பி ஒருபக்கம் தண்ணீர் ஏறியது. நான் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். நானே தேடிக்கொண்டது என்றும் நினைத்தேன். கோதண்டபாணி கத்தவில்லை. சுக்கானை விடாதே என்று ஒருதரம் சொன்னான். கூடை கூடையாகக் கிளிஞ்சலை வாரித் தண்ணீரில் கொட்டினான். வெடித்த கையில் கிளிஞ்சல் அறுத்து ரத்தம் ஓடியது. படகு நிமிர்ந்ததும் கழியை எடுத்துத் தள்ள ஆரம்பித்தான். உச்சிவெயிலிலிருந்து பொழுது சாயும்வரை தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்தான். கரையில் உட்கார்ந்து பாய்த்துண்டு ஒன்றை விரலில் வைத்துத் தேய்த்தான். மாவாக உதிர்ந்தது. அதை மூக்கில் வைத்துப் பார்த்தான்.

புதுப் பாய்க்குச் சாயபு ஒப்பவில்லை. படகை அங்கேயே ஒருவனுக்கு விற்றுவிட்டார். என் வீட்டிலிருந்து சுக்கான் போகவேண்டிய வேலைகூட வைக்கவில்லை, அது படகிலேயே மாட்டியிருந்தது. மாசி முதல் தேதி நான் காக்கிச் சட்டை போட்டேன். அன்றே அவன் குழியில் இறங்கினான்.

கேட்டில் என் வேலை, வேலை முடிந்து போகிற ஆட்களைத் தடவிப் பார்த்து அனுப்புவது. பதப்பட்ட தோலை இடுப்பில் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சுண்ணாம்புக் குழி ஆட்களைத் தடவ வேண்டாம், அவர்கள் கைக்கு நல்ல தோல் வருவதில்லை என்று சாயபுவே சொல்லியிருந்தார். அவர்கள் தனியாக ஓரத்தில் போவார்கள். கோதண்டபாணியும் ஒரு மாதம் அப்படித்தான் போனான், என் பக்கம் திரும்பாமல்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் அவன் ஓரமாகப் போகவில்லை. டிரம் ஆட்களோடு வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் மூர்த்தி. மூர்த்தி என் முகத்தைப் பார்க்காமல் தடவவிட்டுப் போய்விட்டான். கோதண்டபாணி முன்னால் வந்து நின்றான்.

"உனக்கு வேணாம் மாமா. நீ போ" என்றேன்.

"எனக்கு மட்டும் இன்னாத்துக்கு வேற சட்டம்?" என்றான்.

இரண்டு கையையும் தூக்கினான். தோள் அளவுக்குத் தூக்கினால் போதும். அவன் என் முகத்துக்கு நேரே தூக்கி, விரலை விரிக்கப் பார்த்தான். விரல் பாதிதான் விரிந்தது.

"மூர்த்தி சொன்னான்" என்றான்.

குனிந்து தடவினேன். இடுப்பில் அரைஞாண் கயிற்றில் ஏதோ கெட்டியாக இருந்தது. தொட்டதுமே என்னவென்று தெரிந்துவிட்டது. படகை விற்றபோது துளையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறான். ஆனாலும் வரிசை பார்க்கிறது, கேட்டாக வேண்டும்.

"இது இன்னா?"

"தோல் இல்ல. வுடு."

விட்டேன். அன்று முதல் ஒருநாள் தவறாமல் அந்த வரிசையில்தான் வருகிறான். சாயபு கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. வேறு ஷிப்டு கேட்டுப் பார்த்தேன், அவனும் மாற்றிக்கொண்டு வந்தான். இப்போது விரல் கொஞ்சமும் விரிவதில்லை, மடங்குவதும் இல்லை. அப்படியே தூக்குகிறான். நான் தடவுகிறேன். கட்டை இருக்கிறது. போ என்கிறேன்.